நாரைக்கு எந்தக் கரை?

ஏரிப் பறவைகளின் தலைவர் பதவிக்குக் கழுகும் மயிலும் மோதின. நாரையும் தேர்தலில் நின்றது, ஆனால் கூட்டைவிட்டு நகரவில்லை. "என் பெயரில் யாருக்கும் வாக்குறுதி கொடுத்துவிடாதே" என்று நண்பன் மீன்கொத்தியிடம் மட்டும் சொல்லிவைத்தது.

மீன்கொத்தி கூடு கூடாகப் போனது. "உங்கள் ஆள் ஜெயிக்காவிட்டால் அடுத்த சுற்றில் நாரைக்குப் போடுங்கள்" என்றது. "அதில் எங்களுக்கு என்ன லாபம்?" என்று கேட்ட கொக்கு, வாத்து, நீர்க்காகத்தின் காதில் மட்டும் ஏதோ சொன்னது.

முதல் சுற்றில் யாருக்கும் பெரும்பான்மை இல்லை. அடுத்த சுற்றில் நாரை வென்றது.

மறுநாள் காலை நாரை ஏரிக்கு மீன் பிடிக்க வந்தது. கிழக்குக் கரை தனக்கு என்றது கொக்கு. வடக்கு தனக்கு என்றது வாத்து. தெற்கில் நீர்க்காகம் இறக்கையை விரித்து உட்கார்ந்திருந்தது. மேற்கில் மீன்கொத்தி!

"அப்போ நான் எங்கேடா மீன் பிடிப்பது?"

"தலைவருக்கு அதற்கெல்லாம் ஏதண்ணே நேரம்?" என்றது மீன்கொத்தி.