சுவருக்குள் ஒரு கதவு

கூடத்தின் குறுக்கே நாலு வரிசை செங்கல் ஏறியிருந்தது. வீட்டைப் பாதியாகப் பிரித்துக்கொண்ட அண்ணன் தம்பிக்கு நடுவே சுவர் எழுப்பக் கொத்தனாருக்குக் கையே ஓடவில்லை.

காலையில் தம்பி வந்தார். "மேஸ்திரி, நடுவுல கதவு அளவுக்கு இடம் விட்டு மேல சுவரைத் தாங்க ஒரு லிண்டல் போட்டுடுங்க. அந்த இடத்தைச் சும்மா செங்கல் வெச்சு மூடிப் பூசிடுங்க. இப்ப கொஞ்சம் செலவு, அவ்வளவுதான். பின்னாடி கதவு வைக்கணும்னா சுவரையே இடிக்க வேண்டாம் பாருங்க. அண்ணனுக்குத் தெரிய வேண்டாம்."

தம்பி எப்போது கிளம்புவார் என்று காத்திருந்தவர்போல் மதியம் அண்ணன் வந்தார். அதே இடத்தைக் காட்டி அதே லிண்டலைக் கேட்டார். "நாளைக்கு வீட்டுக்கு மதிப்பே இதுலதான் மேஸ்திரி. தம்பி காதுக்குப் போகக் கூடாது."

கோர்ட்டு வரைக்கும் போய் மூன்று வருஷமாக முகம் பார்க்காதவர்கள். உள்ளே பாசம் மட்டும் அப்படியே இருக்கிறதே! கொத்தனார் கரணையைக் கீழே வைத்தார்.

"மறைக்க மனசு கேக்கலைங்க. தம்பியும் காலையில இதையேதான் சொல்லிட்டுப் போனாரு."

"என்ன சொன்னான்?"

"பின்னாடி ஒரு நாள் இங்க கதவு வைக்கணும்னு."

அண்ணன் அடுக்கியிருந்த செங்கல் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அப்போ நான் அவன் பாதியை வாங்கிப் போடலாம்னு இருக்கிற மாதிரி, அவனும் என் பாதிக்குக் குறி வெச்சுட்டான். லிண்டலும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம் மேஸ்திரி. அடியிலேர்ந்து கான்கிரீட்டே ஊத்திடுங்க."