கடைசி ஊசி

பில்லிங்ஸ் நகரத் துப்பாக்கிச் சந்தையில் மேசை மேசையாக விசாரித்துவிட்டு, டார்லா கடைசியில் உதிரி பாகம் விற்கும் ஆர்லனின் மேசைக்கு வந்தாள். ஒரு பழைய பிஸ்டலின் படத்தை அவரிடம் நீட்டினாள்.

"இதுக்கு ஊசி வேணும். தோட்டாவைத் தட்டுமே, அது."

"அடேயப்பா! இந்தக் கம்பெனியை இழுத்து மூடி எவ்வளவு வருஷமாச்சு! இப்ப வந்து உதிரி பாகம் கேக்கறீங்களே!"

"இருக்கா, இல்லையா?"

"ஏம்மா இப்படிப் பறக்கறீங்க?"

"என் வீட்டுக்காரர் இதைத் தேடாத இடமில்லை."

ஆர்லன் ஒரு டப்பாவைக் கவிழ்த்துக் கிளறினார். "அதிர்ஷ்டக்காரர்தான் அவர்! ஒண்ணே ஒண்ணு இருக்கு."

"வேற யார்கிட்டயும் இல்லையே?"

"இந்த மாண்டனா மாநிலம் முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. அவருக்குப் பிறந்தநாள் பரிசா?"

டார்லா ஊசியை வாங்கிக்கொண்டாள். பணத்தை வைத்துவிட்டு, ஓடாத குறையாக வெளியே வந்தாள். ஆற்றுப் பாலத்தில் வண்டியை நிறுத்தி, ஊசியைத் தண்ணீரில் வீசி எறிந்தாள்.

தன் தம்பியை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று, அந்தப் பிஸ்டலை மடியில் வைத்துக்கொண்டு சுவரையே வெறித்தபடி உட்கார்ந்திருந்தார் அவள் கணவர் வெய்ன். மறுநாளே அவருக்குத் தெரியாமல் பழைய ஊசியைக் கழற்றி எறிந்ததும் அவள்தான்.

போன் அடித்தது. வெய்ன்தான்.

"கிடைச்சுதா?"

"எங்கேயுமே இல்லீங்க."



"நல்லதாப் போச்சு, டார்லா. சீக்கிரம் வந்துடு. தனியா இருக்க எனக்கே பயமா இருக்கு."