பதினோரு படிக்கல்

“வாண்டலிசமா? அது என்ன தம்பி, ஏதாவது நோயா?” என்று கேட்டார் சுவக்கீன்.

அது 1970. எஸ்டேட் ஆபீஸில் விசாரணை நடந்துகொண்டிருந்தது. பங்களாத் தோட்டத்தில் இருபது வருஷமாக வேலை பார்க்கும் சுவக்கீன், நேற்றுக் காலை கடப்பாரையை எடுத்துப் பங்களாவுக்கு ஏறும் பதினோரு படிக்கல்லையும் பெயர்த்துப் போட்டுவிட்டார். சார்ஜ் ஷீட்டில் இங்கிலீஷில் அந்த ஒரு சொல்தான் இருந்தது. குற்றம் உறுதியானால் வேலை போகும். எஸ்டேட் கொடுத்த லயத்து வீடும் போகும். நாலு பிள்ளைகளோடு கீழே கம்பம் ஊருக்கு மலையிறங்க வேண்டியதுதான்.

மொழிபெயர்க்க உட்கார்ந்திருந்த கிளார்க் பவுல்ராஜுக்கும் அர்த்தம் சரியாகத் தெரியவில்லை. மேனேஜரிடமே கேட்டான். வடக்கேயிருந்து வந்து மூன்று மாதமே ஆன அவர் சரித்திரம் படித்தவர். விசாரணையை மறந்து கால் மணி நேரம் விளக்கினார்.

பவுல்ராஜ் தமிழில் சொன்னான். “ஆயிரத்து ஐநூறு வருஷம் முன்னால வாண்டல்னு ஒரு கூட்டமாம்ண்ணே. ரோமாபுரிக்குள்ள புகுந்து பதினாலு நாள் கொள்ளையடிச்சாங்களாம். ஒரு கோயிலோட கூரைத் தகட்டைக்கூடப் பாதி பிரிச்சு எடுத்துட்டாங்களாம். ரொம்ப காலம் கழிச்சு பிரான்ஸ்ல சனங்க பழைய சிலையெல்லாம் உடைச்சப்ப, ஒரு சாமியார் அந்தக் கூட்டத்துப் பேரை வச்சு இந்தச் சொல்லை உண்டாக்கினாராம். நல்ல பொருளைக் காரணமில்லாம நாசம் பண்றதுன்னு அர்த்தம்.”

சுவக்கீன் பவுல்ராஜைப் பார்த்தே பதில் சொன்னார்.

“நான் எதையும் உடைக்கல. புரட்டித்தான் போட்டேன். காரணமும் இருக்கு. அப்படியே எழுதிக்கச் சொல்லு.”

“என்ன காரணமாம்?” என்றார் மேனேஜர்.

“தொரை நேர்ல வந்து பாக்கட்டும். நீயும் வா.”

பவுல்ராஜுக்கு எரிச்சலாக வந்தது. குரலைத் தாழ்த்திச் சொன்னான். “அண்ணே, தெரியாமச் செஞ்சுட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. எச்சரிக்கையோட விட்டுருவார். வீம்பு பண்ணாதீங்க.”

“அந்த ஒரு வார்த்தையத்தான் சொல்ல மாட்டேன்.”

மூவரும் பங்களாவுக்கு ஏறினார்கள். படியிருந்த இடம் சேறாகக் கிடந்தது. வழுக்காமல் இருக்கப் பவுல்ராஜ் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டான். மேலே புல்தரையில் பதினோரு கற்களும் வரிசையாகக் கிடந்தன. ஒவ்வொன்றின் மேலும் ஒரு சாக்கு விரித்திருந்தது.

“இப்படி ஒரு படிக்கட்டு இந்தப் பக்கத்திலேயே கிடையாது. அதைப் போய்...” என்றார் மேனேஜர்.

“மழையில ஒரு கல்லு ஆடுச்சு. சரி பண்ணலாம்னு தூக்கினேன். அடிப்பக்கத்தைப் பாத்தேன். அப்புறம் மத்ததையும் தூக்காம இருக்க முடியல.” சுவக்கீன் ஐந்தாவது கல்லின் மேலிருந்த சாக்கை விலக்கினார். “இத நீதான் வாசிக்கணும் தம்பி.”

நன்றாகக் கழுவித் துடைத்த கல். தமிழில் எழுத்து வெட்டியிருந்தது.

பவுல்ராஜ் குனிந்தான்.

“என்ன எழுதியிருக்கிறது?” என்றார் மேனேஜர்.

அவன் கையிலிருந்த செருப்பைத் தள்ளி வைத்துவிட்டுக் கல்லருகே மண்டியிட்டான்.

மண்சரிவில் கல்லறைத் தோட்டமே அடித்துக்கொண்டு போய்விட்டதென்று எஸ்டேட்டில் சொன்னதை நம்பி, வருஷா வருஷம் வெறும் மலைச்சரிவில் மெழுகுவத்தி ஏற்றிவந்தவன் அவன். பத்து வருஷமாகத் தினமும் ஃபைலைத் தூக்கிக்கொண்டு அவன் மிதித்து ஏறிய அந்த ஐந்தாம் படியில், ‘செபமாலையம்மாள், இறப்பு 1944’ என்று அவனுடைய அம்மாவின் பெயர் இருந்தது.