ஓட்டை பார்க்கும் கண்

ஒருவரைச் சுட்டு முடித்து அடுத்த ஆளிடம் போகும்போதுதான் லாபிர் எப்போதும் கோட்டை விடுவான்.

ஆட்கள் எல்லோரும் அட்டை ஆட்கள்தான். தெல்தெனியவுக்கு மேலே மலைச்சரிவில் இருக்கும் துப்பாக்கி கிளப்பில் அப்படி ஐந்து பேரை வரிசையாக நிறுத்தி வைப்பார்கள். ஒவ்வொருவர் நெஞ்சிலும் இரண்டு குண்டு. குறைந்த நேரத்தில் முடிப்பவன் கெட்டிக்காரன்.

கைக்கு முன்னால் கண் போக வேண்டும் என்பது இந்த விளையாட்டின் பாலபாடம். இரண்டாவது குண்டு கிளம்பியதும் கண் அடுத்த அட்டைக்குத் தாவிவிட வேண்டும்; துப்பாக்கி பின்னாலேயே வந்து சேரும். லாபிரின் கண்ணோ ஓட்டை எங்கே விழுந்திருக்கிறது என்று பார்க்காமல் நகராது. அந்தப் பார்வைக்கு ஒவ்வோர் அட்டையிலும் கால் வினாடி போய்விடும்.

"நீ சுட வாறல்ல மச்சான், ஓட்டை எண்ண வாற" என்று கூட்டாளி மக்கீன் எல்லோர் முன்னாலும் சொல்லிச் சிரிப்பான். மூன்று வருடமாக அகில இலங்கைப் போட்டிக்குக் கிளப்பிலிருந்து போகிறவன் மக்கீன்தான். போவது கிளப் போட்டியில் ஜெயிக்கிற ஒருவர் மட்டுமே.

இந்த முறையும் தோற்றால் இனித் துப்பாக்கியையே தொடுவதில்லை என்று லாபிர் மனைவியிடம் சொல்லிவிட்டான். சொல்லும்போது அவன் குரல் உடைந்ததை ஹபீலாவால் தாங்க முடியவில்லை. அன்றிலிருந்து, கண்டி டவுனில் தான் வேலை செய்யும் மூக்குக்கண்ணாடிக் கடையிலிருந்து வந்ததும் அவனை ஹாலின் நடுவே நிறுத்தி வைத்துக்கொண்டு, "கெலண்டர்! அலுமாரி! கதிரை!" என்று கத்துவாள். அவன் கண் ஒவ்வொன்றாகத் தாவ வேண்டும்.

அலுமாரியில் வந்து நின்றுவிடும்.

"அல்லாஹ்வே, அங்க என்னத்தப் பாக்கிறீங்க?"

"இந்தக் கீறல் எப்ப விழுந்த?"

ஒரு மாதமாக இதே கூத்து. ஹபீலா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

போட்டி நாள் வந்தது. கிளப் வாசலில் லாபிரின் வழக்கமான கண்ணாடியை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, சுடும்போது போடுவதற்கென்று அவன் பவருக்கே செய்த அகலக் கண்ணாடியை ஹபீலா துடைத்துக் கொடுத்தாள். கண்ணுக்குக் காவலாக அது இல்லாமல் அங்கே யாரையும் சுடும் கோட்டில் நிற்க விடமாட்டார்கள்.

மக்கீன் முதலில் சுட்டான். ஐந்து புள்ளி ஒன்பது வினாடி. தொப்பியை இழுத்துவிட்டு, கழுத்து வியர்வையைத் துடைத்தபடி வந்தான்.

"போ மச்சான், போய் எண்ணிட்டு வா."

லாபிர் கோட்டில் போய் நின்றான். ஹபீலாவைத் திரும்பிப் பார்த்தான். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். பாவம், பயந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டான்.

நேரம் பார்க்கும் ராஜலிங்கம் பக்கத்தில் வந்தார். "ரெடியா தம்பி? ஸ்டாண்ட் பை!"

டைமர் கீச்சிட்டது.

முதல் அட்டையில் இரண்டு குண்டு. பழக்க தோஷத்தில் கண் ஓட்டையைத் தேடியது. மலையிலிருந்து மூடுபனி இறங்கிவிட்டது போலும். அட்டை தெரிந்தது, ஓட்டையைக் காணோம். பார்க்க ஒன்றுமில்லாத இடத்தில் கண்ணுக்கு என்ன வேலை? அது பாட்டுக்கு அடுத்ததற்குப் போய்விட்டது. துப்பாக்கி பின்னாலேயே ஓடியது. இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து.

"அஞ்சு புள்ளி ஆறு!" அட்டைகளைப் பார்த்துவிட்டு வந்த ராஜலிங்கம் கூவினார். "பத்தும் நெஞ்சுலதாங்க விழுந்திருக்கு! இத்தன நாளா இத எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க?"

லாபிர் அந்த இடத்திலேயே அழுதுவிட்டான். நாற்பத்திரண்டு வயது மனிதன் அழுகிறானே என்று யாரும் சிரிக்கவில்லை. மக்கீனே வந்து கட்டிப்பிடித்தான்.

"என்னடா செஞ்ச? ஒரு தரமும் திரும்பிப் பாக்கல்லியே!"

கேட்டதுதான் தாமதம், லாபிர் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு ஆரம்பித்துவிட்டான். "எல்லாம் மனக் கட்டுப்பாடு மச்சான். கண் நம்மட சொல்லுக் கேக்கோணும். பாராதேன்னா பாக்கக் கூடாது. ஒனக்கு வேணும்னா ஞாயித்துக்கிழம வா, சொல்லித் தாறன்."

மக்கீன் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தான். ஹபீலாவுக்கு இருமல் வந்தது. பிரசங்கம் பகல் பன்னிரண்டரை மணிக்குத்தான் முடிந்தது.

காருக்கு வந்ததும் அவள் பையைத் திறந்து பழைய கண்ணாடியை நீட்டினாள். "இத மாத்திப் போடுங்க."

"ஏலா! இது ராசியான கண்ணாடி. வீட்டுக்குப் போற வரைக்கும் கழட்ட மாட்டன்." லாபிர் காரில் ஏறி உட்கார்ந்து, முன்னால் வளைந்து இறங்கும் மலைப்பாதையைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். "பனி இன்னம் விலகல்ல. லைட்டப் போட்டுட்டு மெதுவாப் போவம்."

ஹபீலா எட்டிச் சாவியைப் பிடுங்கினாள்.

"எறங்குங்க, நான் ஓட்டுறன், நேத்துக் கடையில வெச்சு அதுக்கு பவர் இல்லாத வெறுங் கண்ணாடிதான் போட்டு வெச்சன்!"