நம்மாளு

'துறைமுகத்தில் ஏவுகணைத் தாக்குதல்: 4 பேர் பலி.'

அவள் அடித்து அனுப்பினாள். டிவியின் அடியில் வரி ஓடத் தொடங்கியது.

செத்தவனின் தகுதி பார்த்துத்தான் வார்த்தை போட வேண்டும். அந்தச் செய்தி அறையில் அதுதான் சட்டம்.

தலைவர் என்றால் காலமானார். நடிகர் என்றால் மறைந்தார். மடாதிபதி முக்தி அடைவார். நம் ஊர்ச் சிப்பாய்க்கு வீரமரணம்.

மற்ற எல்லோரும் பலி.

ஆட்டுக்கும் கோழிக்கும் என்ன வார்த்தையோ அதே வார்த்தை. இரண்டே எழுத்து. இடத்தை அடைக்காது.

அடுத்த வரியில் வல்லரசுகள் ஆழ்ந்த கவலை தெரிவித்தன. நல்ல மனசு. குண்டு விற்ற கையோடு கவலையும் பட்டுவிடுகிறார்கள்.

ஷிப்ட் ஆசிரியர் தாமோதரன் இருந்த இடத்திலிருந்தே வழக்கமான கேள்வியைக் கேட்டார். செத்ததில் நம்மாளு யாராவது உண்டா?

இல்லையென்றால் அடியில் ஒரு வரியோடு போய்விடும். இருந்தால் திரை முழுக்கச் சிவப்பு. கேமரா செத்தவனின் சொந்த ஊருக்கு ஓடும். பெற்றவளின் வாய்க்கு நேரே மைக் நீளும். இப்போது உங்கள் மனநிலை எப்படி இருக்கிறது என்று கேட்பார்கள். அதையும் கேட்கிறார்கள், பாவிகள்.

பார்த்துச் சொல்வதாக அவரிடம் சொன்னாள்.

கைபேசி அதிர்ந்தது. தம்பி பொன்ராஜோடு ஒரே அறையில் தங்கியிருப்பவன் அழைத்தான். இருவருக்கும் அந்தத் துறைமுகத்தில்தான் வேலை.

அழுதுகொண்டே சொன்னான். நால்வரில் ஒருவன் பொன்ராஜ்.

கோவில்பட்டியில் இருக்கும் அம்மாவைப் பொறுத்தவரை பொன்ராஜ் இன்னும் சிங்கப்பூரில் இருக்கிறான். சண்டை நடக்கிற நாட்டுக்கு வேலை மாறியது தெரிந்தால் அம்மாவுக்குச் சோறு இறங்காது, சொல்லிவிடாதே அக்கா என்று அவன் கெஞ்சியிருந்தான். அவளும் சரி என்றாள். நல்லதுக்குச் சொன்ன பொய்தான்.

அம்மா பொழுதுக்கும் இந்தச் சேனலைத்தான் பார்ப்பாள். மேலே யார் கத்தினாலும் அவளுக்கு அக்கறையில்லை. மகள் எழுதுகிற வரி என்று அடியில் ஓடுவதை மட்டும் எழுத்துக்கூட்டி, சத்தமாகப் படிப்பாள்.

இப்போதும் படித்துக்கொண்டிருப்பாள்.

பலி, பலி என்று அது ஓடிக்கொண்டிருந்தது. தன் கையாலேயே அடித்தது.

வேறு வார்த்தை தேடினாள். பொன்ராஜ் தலைவன் இல்லை, நடிகன் இல்லை. கிரேன் ஓட்டுகிறவன். போன தீபாவளிக்கு, அம்மா பார்க்கிற அந்த டிவியை வாங்கிக் கொடுத்தவன்.

அவனுக்கென்று அங்கே ஒரு வார்த்தையும் இல்லை.

ஓடுகிற வரியில் 4 என்ற எண்ணை அழித்தாள்.

3 என்று அடித்தாள்.

தாமோதரன் மறுபடி கேட்டார்.

"நம்மாளு யாரும் இல்ல சார்."

அவர் தலையாட்டிவிட்டு டீயை எடுத்தார். நாலு மூன்றானதை அவர் பார்க்கவில்லை. நம்மாளு இல்லாத எண்ணை யாரும் பார்ப்பதில்லை.

உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்தாள். ஊருக்கு வண்டி பிடிக்க வேண்டும். டிவி சொல்வதற்குள் அவள் போய்ச் சொல்லிவிட வேண்டும். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொல்ல வேண்டும்.

படியில் இறங்கும்போது அம்மா அழைத்தாள்.

"ஏட்டி, நாலுன்னு ஓடுச்சு, இப்ப மூணுன்னு ஓடுதே. ஒருத்தன் பொழச்சிக்கிட்டானா?"

அவள் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். ஆமாம் என்றாள்.

"அவனப் பெத்தவ புண்ணியம் பண்ணிருக்கா."