போன் எடுக்காத இரண்டு நாள்

காவல் நிலையத்தில் இருந்தவர்கள்: இன்ஸ்பெக்டர், வாக்குமூலம் எழுதும் ஏட்டையா, பள்ளி வேன் ஓட்டும் அருமைநாயகம், காலையில் அவனுக்குப் போன் செய்த வானதி. அந்தப் போனை அவன் எடுத்த நேரத்தில் வேனில் அடிபட்ட சைக்கிள்காரப் பெரியவர் பிணவறையில் இருந்தார்.

"எதுக்கும்மா கூப்பிட்டீங்க?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"பையன் இன்னைக்கு வரலைன்னு சொல்லத்தான் சார். வீணா வந்து ஹாரன் அடிச்சுட்டு நிப்பாரேன்னு."

தினமும் காலையில் யாராவது ஒரு தாய் அப்படிக் கூப்பிடுவாள். போன வாரம், ஓட்டும்போது போனைத் தொடுவதில்லை என்று அருமைநாயகம் முடிவெடுத்தான். இரண்டு நாள் எடுக்கவில்லை. மூன்றாம் நாள் வானதி தெருமுனையில் வேனை மறித்தாள். "கலெக்டர் கூட போன் எடுக்கறாரு டிரைவரண்ணே. உங்களால முடியாதுன்னா சொல்லிடுங்க, வேற வேன் பாத்துக்கறோம்." கூட நின்ற தாய்மார்கள் சிரித்தார்கள். அன்றிலிருந்து மறுபடி எடுத்தான்.

அதை அவள் இப்போது சொல்வாள் என்று காத்திருந்தான். சொன்னாலும் தண்டனை குறையாது. ஆனாலும் அந்தக் காகிதத்தில் அது இருக்க வேண்டும் என்றிருந்தது அவனுக்கு.

"ஓட்டும்போது எடுக்கக் கூடாதுன்னு அவருக்கே தெரிய வேணாமா சார்?" என்றாள் வானதி. "நம்பித்தானே பிள்ளைங்களை அனுப்பறோம்."

ஏட்டையா அதை எழுதி, அவளிடம் கையெழுத்து வாங்கினார். அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை.

"பெல்ட்டைக் கழட்டிக் குடுத்துட்டு உள்ள போப்பா" என்றார் இன்ஸ்பெக்டர்.

அருமைநாயகம் கழற்றிக் கொடுத்தான். அவன் பின்னால் கம்பிக்கதவைச் சாத்தி, ஏட்டையா பூட்டினார்.