பெட்டியின் மேல் போர்வை

சவப்பெட்டியை நாலு பேர் தூக்கி வந்து மேடையின் திரையோரம் இறக்குகிறார்கள். வெறும் ஒட்டுப்பலகைதான், திரைக்குப் பின்னால் நிற்கும் நோக்வேஸி நேற்று தானே கறுப்புச் சாயம் அடித்தது. அவள் எழுதிய நாடகத்தில் இந்த அடக்கத்துக்கு இரண்டே வரிப் பாட்டு. ஆனால் பெட்டியைக் கண்டதும் கூடமே எழுந்துவிடுகிறது. இந்த ஊர்க்காரர்கள் பாட ஆரம்பித்தால் இரண்டு வரியோடு விடுவார்களா? ஆண்களின் அடிக்குரலில் தகரக் கூரை அதிர்கிறது. ஜன்னல் வழியே சரியும் மாலை வெயிலில் தூசி மின்னுகிறது. பெட்டிக்குள் பிணமாகக் கிடக்கும் வுயானி முனகுகிறான்: "அக்கா, எப்ப முடிப்பாங்க? புழுக்கத்துல செத்துருவேன்."

"நீ ஏற்கெனவே செத்தாச்சு. சும்மா கிட," என்கிறாள் நோக்வேஸி.

முன்வரிசையிலிருந்து நோக்வேஸியின் அம்மா மேடையேறி வருகிறாள். 'நடிச்சுக் காட்டுறதெல்லாம் ஒரு வேலையாடி?' என்று காலையில்கூடக் கேட்டவள். ஜோகனஸ்பர்க் தங்கச் சுரங்கம் இடிந்தபோது உள்ளே சிக்கிய கணவனின் உடல் கிடைக்கவே இல்லை. போர்த்தி அனுப்ப அவளுக்குக் கொடுத்துவைக்கவில்லை. இப்போது தன் தோளிலிருந்த போர்வையை உருவி, அடக்கத்தில் செய்வது போலவே பெட்டியின் மேல் விரிக்கிறாள். மூலைகளை இழுத்து, சுருக்கம் நீவுகிறாள். "ம்பிங்கா!" என்று கணவனின் குலப்பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறாள். பாட்டு சட்டென்று நிற்கிறது. அம்மா நிமிர்ந்து கூட்டத்தின் பக்கம் திரும்புகிறாள்.

"ஏன் நிறுத்திட்டீங்க? என் மக எழுதுனது இது. பாடுங்க!"